வாடகை அண்டாவில் ஊற்றிய கூழ்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு வாக்குவாதம். சேலத்தில் நடந்த உணவுத் திருவிழா ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, அது திருவிழாவே இல்லை, கூரை போட்ட கடைவீதி என்று இங்கே எழுதியிருந்தேன். டோக்கன் வாங்கினேன், வரிசையில் நின்றேன், காகிதத் தட்டில் வாங்கியதை நின்றபடியே தின்றேன். இரண்டு மணி நேரத்தில் ஒருவர்கூட என்னிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அதற்குக் கீழே ஒரு வாசகர், உணவுத் திருவிழாக்கள்தான் மக்களை ஒன்று சேர்க்கின்றன, உங்களுக்கு எதைப் பார்த்தாலும் குறைதான் என்று எழுதிவிட்டார்.

எனக்குக் குறை சொல்லத் தெரியும். காரணம் இல்லாமல் சொல்லத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்குப் பாடி கட்டிப் பிழைத்தவன் நான். படித்ததெல்லாம் நானே படித்தது. யாரோ சொன்னார்கள் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளும் பழக்கம் இல்லை. அவருக்கு நீளமாக ஒரு பதில் எழுத உட்கார்ந்திருந்தபோதுதான் மேச்சேரிப் பக்கத்திலிருந்து தங்கை பாவாயி போன் செய்தாள்.

"ஏனுங்ணா, வார ஞாயித்துக்கெழம கூழுங்க. இந்த வருசம் ஒரே அண்டா. நீங்க வந்தே ஆகோணும்" என்றாள்.

எட்டு ஆண்டுகளாக அந்த ஊர்க் கூழுக்கு நான் போவதில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

பாவாயி வாழ்க்கைப்பட்ட ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெருக்கள். நடுவில் மாரியம்மன் கோயில். ஆடி மூன்றாம் ஞாயிறன்று ஒவ்வொரு வீட்டிலும் கூழ் காய்ச்சி, பானையில் வேப்பிலை கட்டி, தலையில் சுமந்து வந்து, கோயில் வாசலில் வைத்திருக்கும் ஒரே அண்டாவில் ஊற்றுவார்கள். எல்லா வீட்டுக் கூழும் அதில் ஒன்றாகக் கலக்கும். பூசாரி படையல் முடித்ததும் அதிலிருந்து மொண்டு எல்லாருக்கும் ஊற்றுவார்கள். நீங்கள் குடிப்பது யார் வீட்டுக் கூழ் என்று உங்களுக்கும் தெரியாது, ஊற்றியவருக்கும் தெரியாது. வழக்கம் இவ்வளவுதான்.

கோயிலின் பழைய அண்டா ஓட்டையானதும் மேலத்தெருக்காரர்கள் சேர்ந்து புதிதாகப் பெரிய எவர்சில்வர் அண்டா வாங்கினார்கள். நல்ல காரியம். வாங்கியவர்கள் அதன் வயிற்றில் 'மேலத்தெரு உபயம்' என்று பெயர் வெட்டிக்கொண்டு வந்தார்கள். டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதுகிறவர்கள் நாம், அண்டாவையா விடுவோம்? மேலத்தெரு அண்டாவில் எங்கள் கூழ் எதற்கு என்று கீழத்தெரு கேட்டது. அடுத்த வாரமே 'கீழத்தெரு உபயம்' என்று இன்னொரு அண்டா வந்தது. கோயில் ஒன்று, அம்மன் ஒன்று, அண்டா இரண்டு.

என் தங்கை வீடு கீழத்தெரு. அவள் மகள் செல்வியைக் கட்டிக்கொடுத்தது மேலத்தெருவில். கூப்பிட்டால் கேட்கும் தூரம். அந்த வருடத்திலிருந்து தாய் ஒரு அண்டாவிலும் மகள் ஒரு அண்டாவிலும் ஊற்றினார்கள். பாவாயி இதை யாரிடமும் சொல்லி அழுததில்லை. ஆனால் ஒவ்வொரு ஆடியிலும் போனில் கூழைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவாள்.

என் கதை இது. அண்டா இரண்டான முதல் வருடம் நான் போயிருந்தேன். செல்வி பாசமாகக் கொடுத்த ஒரு டம்ளரை மேலத்தெருப் பக்கம் குடித்துவிட்டு, தங்கை பக்கமும் குடிக்க வேண்டுமே என்று கீழத்தெரு அண்டாவிடம் வந்து நின்றேன். ஊற்றிக்கொண்டிருந்தவர் பெயர் பெரியண்ணன். தங்கை வீட்டுக்காரருக்குப் பங்காளி, தம்பி முறை. எனக்கு மச்சான். நிரப்பி நீட்டிய டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "மச்சான் அந்த அண்டாவுல குடிச்சுப்போட்டாருங்க. இங்க வேண்டாம்" என்றார். ஊரே பார்த்தது. அன்று பஸ் ஏறியவன்தான். மன்னிப்புக் கேட்கும்வரை இந்த ஊர்த் தண்ணீரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது.

இனி பயணம். காலை ஐந்தரை மணிக்குத் திருச்செங்கோட்டில் சேலம் பஸ். கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. சேலம் புதிய பஸ் நிலையத்தில் ஒரு டீ மட்டும் குடித்தேன். நீங்களும் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூழுக்குப் போகிறவர் இட்லி தின்றுவிட்டுப் போவது கூழுக்கும் மரியாதை இல்லை, வயிற்றுக்கும் நல்லதில்லை.

அங்கிருந்து ஓமலூர் வழியாக மேட்டூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஏறும்போதே 'மேச்சேரி நிற்குமா' என்று கேட்டேன், தலையாட்டினார் நடத்துநர். ஓமலூர் தாண்டியதும், ஊருக்குள் போகாது, பிரிவு ரோட்டில் இறங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

"நிற்குமான்னு கேட்டதுக்குத் தலையை ஆட்டுனீங்களே?"

"நிக்கும்னுதானுங்க ஆட்டுனேன். உள்ள போகும்னு ஆட்டலீங்களே."

பலகையில் ஊர்ப் பெயர் இருக்கிறது, டிக்கெட்டிலும் இருக்கிறது, ஊருக்குள் மட்டும் பஸ் போகாதென்றால் என்ன நியாயம் என்று நான் கேட்க, பின் இருக்கையில் இருந்த நான்கு பெண்கள் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் மடியிலும் வேப்பிலைக் கட்டுகள். பஸ் உள்ளே போனது. எட்டே முக்காலுக்கு மேச்சேரி பஸ் நிலையம்.

அங்கிருந்து ஊர் ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ் பத்து மணிக்குத்தான். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு முப்பது ரூபாய் கேட்டார்கள், இருபதுக்கு மேல் நான் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். ஓட்டுநர் என் மஞ்சள் பையைப் பார்த்துவிட்டு, "ஆடு பாக்க வந்தீங்களாங்க?" என்றார். மேச்சேரி ஆட்டுக்கு அவ்வளவு பெயர். வெளியூர்க்காரர் கைப்பையோடு வந்தால் வேறு காரணம் அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

"கூழுக்கு வந்தேன்."

"அட, அந்த ஊருக்குங்களா! அங்க இந்த வருசம் அம்மனுக்கே வாடகை அண்டாங்க. தெரியுமுங்களா?"

அவர் சொன்னதைக் கேட்டு முதலில் நம்பவில்லை. ஒரே அண்டா என்று முடிவானதும், எந்த அண்டா என்று சண்டை வந்திருக்கிறது. பெயரைத் தேய்த்து அழித்துவிடலாம் என்றால், யார் பெயரை முதலில் அழிப்பது? கடைசியில், மேச்சேரியில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவருவது என்று முடிவு. "யார் சொன்ன யோசனை அது?" என்று கேட்டேன்.

"ஒரு அம்மாவாமுங்க. கீழத்தெரு. மகள மேலத்தெருவுல குடுத்திருக்குதாமா."

இறங்கும்போது முப்பதாகவே கொடுத்தேன்.

பாவாயி வீட்டில் கூழ் இறக்கியாகிவிட்டது. முந்தின நாள் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, விடிகாலையில் நொய்யரிசி வேகவைத்து, அதில் மாவை ஊற்றித் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் அடிப்பிடிக்கும். அம்மனுக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கவும் கூடாது. கை கழுவப் புழக்கடைக்குப் போனபோது, கூழ் காய்ச்சிய சட்டி கழுவக் கிடந்தது. இரும்போடு வாழ்ந்தவனுக்குப் பாத்திரத்தைப் பார்த்தால் உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றும். அடியில் ஒரு கறுப்புப் பொட்டுக்கூட இல்லை. இந்த வயதிலும் என்ன கை என்று நினைத்துக்கொண்டேன்.

"பெரியண்ணன்தான் ஊத்தறாருங்ணா. இப்பவே சொல்லிப்போடறேன். நீங்க ஒண்ணும் பேசப்படாது" என்றாள், தலையில் சும்மாட்டை வைத்தபடி.

"அவன் பேச வேண்டியதைப் பேசினால் நான் ஏன் பேசுகிறேன்?"

"ரெண்டு பேரும் பேசாம இருங்க சாமி, அது போதும்."

பத்து மணிக்குப் பம்பை முழங்கக் கிளம்பினோம். கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் அண்டா. அலுமினியம், அங்கங்கே நசுங்கியது. அதன் வயிற்றில் சிவப்புப் பெயின்டில் கடையின் பெயரும், கீழே 'கழுவித் திருப்பித் தரவும்' என்றும் எழுதியிருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்து, வாயைச் சுற்றி வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். எழுத்தை மட்டும் யாரும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் இந்தப் பக்கத்தார்தான் மறைத்தார்கள் என்று அந்தப் பக்கத்தார் சொல்லியிருப்பார்கள்.

பானைகள் வரிசையாக வந்தன. மேலத்தெரு ஒன்று, கீழத்தெரு ஒன்று என்று மாற்றி மாற்றி ஊற்றுவதாக ஏற்பாடு. பாவாயி வேண்டுமென்றே பின்தங்கினாள். எதற்கு என்று பார்த்தால், எதிர் வரிசையில் செல்வியும் பின்தங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அண்டாவுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒரு பக்கம் தாய் பானையைச் சாய்த்தாள், மறுபக்கம் மகள். இரண்டு கூழும் நடுவில் விழுந்து மடிந்ததை நான் பார்த்தேன். செல்வி என்னைப் பார்த்து, "மாமா, வந்துட்டீங்களா!" என்றாள்.

படையல் முடிந்தது. பெரியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடுப்பை விட்டு அடிவரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றினார். தலை நரைத்துவிட்டது, மீசை மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் அந்த வாசம் வந்தது. கூழ் காய்ச்சத் தெரிந்த எவருக்கும் தெரியும். யாருடைய பானையோ அடிப்பிடித்திருக்கிறது. ஒரு பானை அடிப்பிடித்தால் போதும், அத்தனை வீட்டுக் கூழும் அந்த வாசம்தான்.

பம்பை நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மேலத்தெருவில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், யாரையும் பார்க்காமல், "எங்க பக்கம் எல்லாரும் வெடியறதுக்கு முந்தியே எறக்கி வெச்சாச்சுங்க. அடிப்புடிக்க வழியில்ல" என்றார்.

"அப்ப எங்க பக்கம்ங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொன்னனுங்களா?"

"வேற எப்படிங்க சொல்றது? கீழத்தெரு அடுப்புல மட்டும் என்ன, கொள்ளிக்கட்டையா எரியுது?"

"அதுக்குத்தான் அப்பவே சொன்னோம். ரெண்டு அண்டாவும் உள்ளதான கெடக்குது? எடுத்து வெச்சா முடிஞ்சுது. அவங்கவங்க கூழ அவங்கவங்க குடிச்சுக்கலாம்."

அதைச் சொன்னது எந்தத் தெரு என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டு இளைஞர்கள் கோயில் அறையைத் திறக்கவே போய்விட்டார்கள். பாவாயி கையில் காலிப் பானையோடு செல்வியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். செல்வி தன் தெருவின் பக்கம் ஓரடி நகர்ந்தாள். அவள் மாமியார் வீட்டார் அங்கேதானே நிற்கிறார்கள். நகராமல் என்ன செய்வாள்?

"என்ற பானைதானுங்க அது" என்றாள் பாவாயி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அடிப்புடிச்சுப்போச்சு. கண்ணுந் தெரியல, கையும் ஓயுது. தெரிஞ்சுதான் கொண்டாந்து ஊத்துனேன். கூழில்லாம வெறுங்கையோட வரச் சொல்றீங்களா? இப்ப என்னங்கறீங்க?"

அது பொய். சட்டியை என் கண்ணால் பார்த்தவன் நான். பொய்யைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி நிற்பது என் சுபாவத்தில் இல்லை. பஸ்ஸில் கூட விடாதவன். வாயைத் திறந்தேன். பாவாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருடம் போனில் கூழைப் பற்றிப் பேசாமல் இருந்தவள் பார்த்த பார்வை அது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். நியாயத்தை விட்டுக்கொடுத்ததாக நினைக்க வேண்டாம். அது என் பானை இல்லை, அவ்வளவுதான்.

பெரியண்ணன் துடுப்பைச் சாய்த்து வைத்தார். செம்பை விட்டு நிறைய மொண்டு, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்து முடித்தார். மீசையைத் துடைத்தார். ஊர் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது.

"நங்கை" என்றார். இந்தப் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அடிப்புடிச்சதெல்லாம் இருக்கட்டும். உப்பு ஏனுங்க இவ்வளவு கம்மி?"

யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள்.

"உப்பு என்ற பானையில செரியாத்தான் இருந்துச்சு. உங்க ஊட்டுது கம்மியா இருக்கும்" என்றாள் பாவாயி.

"அதுஞ் சரிதான். எங்கூட்டுக்காரிக்கு உப்புன்னா சிக்கனம். எல்லாம் எனக்கு பி.பி. இருக்குதுன்னு" என்று சொல்லிவிட்டு, அடுத்த செம்பை மொண்டு வெள்ளைச் சட்டைக்காரரிடம் நீட்டினார். "குடிச்சுப் பாருங்க. கெட்டுப்போயிருந்தாச் சொல்லுங்க, அப்பறம் அண்டாவ எடுக்கலாம்."

அவர் வாங்கினார். கொஞ்சம் குடித்தார். யோசித்தார். மீதியையும் குடித்தார். "மோரு ஊத்தி, வெங்காயத்தப் போட்டா வாசம் அடங்கிருமுங்க" என்றார்.

அதற்குள் அந்த இரண்டு இளைஞர்களும் பெயர் வெட்டிய அண்டாக்களை வெளியே உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். எடுத்தது எடுத்தாகிவிட்டது. ஒன்றில் வீடு வீடாக மோர் கொண்டுவந்து ஊற்றினார்கள், இன்னொன்றில் கை கழுவத் தண்ணீர். எந்தத் தெரு அண்டா தண்ணீருக்கு என்று ஒருவர் கேட்கத் தொடங்க, "வாய மூடீட்டு வெங்காயத்த உரி சாமி" என்று ஒரு பெண் அவரை உட்காரவைத்துவிட்டாள்.

நான் வரிசையில் நின்றேன். வரிசையைத் தவிர்க்க மாட்டேன், விருந்தாளி என்று முன்னால் போகவும் மாட்டேன். என் முறை வந்தது. பெரியண்ணன் டம்ளரை நிரப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எட்டு வருசத்துக்கு முன்னால இதே கையாலதான் டம்ளரப் பின்னால இழுத்தீங்க" என்றேன்.

"இழுத்தேனுங்க மச்சான்."

"ஊரே பார்த்துது."

"பாத்துதுங்க. இப்பவும் பாத்துட்டுத்தான் இருக்குது. நீட்டீட்டே நிக்கறேன், கை வலிக்குது. புடிங்க."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. வாங்கினேன். குடித்தேன். கருகல் வாசம் இருக்கத்தான் செய்தது. அதோடு மோரின் புளிப்பு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் மாங்காயும். மூன்று டம்ளர் குடித்தேன். இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டம்ளரை நீட்டுவது மன்னிப்பு ஆகாது. மன்னிப்பு என்பது வாயால் கேட்பது. அது இன்னும் பாக்கி இருக்கிறது.

மதியம் அண்டாவைக் கழுவினார்கள். கடைக்காரர் எழுதியபடி கழுவித் தர வேண்டுமே. புளியும் மணலும் போட்டு உள்ளே ஒருத்தி, வெளியே நாலு பேர் என்று தேய்த்தார்கள். எந்தத் தெருப் பெண்கள் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செல்வி தன் அம்மாவின் கையிலிருந்து தேங்காய் நாரைப் பிடுங்கி, "நீ போய் உக்காரும்மா, கண்ணுதான் தெரியலயே" என்றாள். பாவாயி சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

மாலை நான்கு மணி டவுன் பஸ்ஸுக்கு என்னை அனுப்ப அவள் வந்தாள். நிழற்குடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"உன் சட்டியை நான் பார்த்தேன் பாப்பா. அடிப்பிடிக்கவே இல்லை" என்றேன்.

"வந்தமா, குடிச்சமான்னு இல்லாம, சட்டியெல்லாம் எதுக்குங்ணா பாக்கறீங்க?"

"யாருடையது அது?"

"தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க செல்போன்ல எழுதிப்போடுவீங்க."

எழுதத்தான் எழுதியிருப்பேன். ஊர்ப் பெயரையும் போடக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற்றினாள்.

என்னோடு வாதாடிய வாசகருக்கு என் பதில் இதுதான். ஒரே மைதானத்தில் நின்று தின்பதால் மனிதர்கள் சேர்ந்துவிடுவதில்லை. அவரவர் தட்டு அவரவர் கையில் இருக்கும்வரை அது சந்தைதான். தன் வீட்டுப் பானையை ஊர் அண்டாவில் கவிழ்த்துவிட்டு, இனி இது என்னுடையது என்று சொல்ல மாட்டேன் என்று நிற்க வேண்டும். அடுத்த வீட்டுக் கருகலும் தன் தொண்டையில் இறங்க வேண்டும். அதைக் குடிக்கச் சம்மதிக்கிறவர்கள்தான் ஒரு ஊர். நீங்கள் சொன்னது பாதி சரி என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். டோக்கன் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: ஊர்ப் பெயர் தேவையே இல்லை. ஓமலூரைத் தாண்டி மேச்சேரிப் பக்கம் ஆடி ஞாயிறுகளில் பம்பைச் சத்தம் கேட்கும் இடத்தில் இறங்கினால் கூழ் கிடைக்கும், யாரும் காசு கேட்க மாட்டார்கள். பஸ் ஊருக்குள் போகுமா என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள், தலையாட்டலை நம்ப வேண்டாம். வெயிலுக்குத் துண்டு, குடிக்கச் சொந்த டம்ளர். பதினோரு மணிக்குள் போய்ச் சேருங்கள். கூழில் கருகல் வாசம் வந்தால் யார் வீட்டுப் பானை என்று கேட்காதீர்கள், வெங்காயம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்த ஆடிக்கும் அதே வாடகை அண்டாவைச் சொல்லிவைத்துவிட்டதாகப் பாவாயி போனில் சொன்னாள். நானும் போகிறேன். பெரியண்ணன் இன்னும் வாயால் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமல் நான் விடப்போவதில்லை, எத்தனை ஆடி ஆனாலும்.